"பிறகு பார்க்கலாம்" என்றால் எப்போது? வெள்ளமும் இடம்பெயர்வும் மாற்றுத்திறனாளிகளும் (விவாத இழை)

2024 டிசம்பர் 1

வாசகர் ஒருவர் நேற்று எழுதியது: "வெள்ளம் கால் உள்ளவன், இல்லாதவன் என்று பார்த்தா வருகிறது? எல்லாருக்கும் ஒரே இடர்தான். முதலில் உயிர் தப்பட்டும். மாற்றுத்திறனாளிகளின் கிளினிக், படிப்பு எல்லாம் தண்ணீர் வடிந்த பிறகு பார்க்கலாம்தானே?"

நேற்றுப் பின்னேரம்தான், வெள்ளத்துக்கு ஒதுங்கியிருந்த பள்ளிக்கூட மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்தோம். யாழ்ப்பாணத்தில் நவாலி வயல்கரைப் பக்கம். உள்ளே கணுக்கால் அளவு சேறு. அதைக் கழுவாமல் இதை எழுதுகிறேன், அந்தப் "பிறகு" என்ற சொல் இரவு முழுக்க என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

என் தம்பி 2009 இல் வன்னியில் முள்ளந்தண்டில் காயப்பட்டவன். நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை. செவ்வாய் இரவு தண்ணீர் படலையைத் தாண்டி முற்றத்துக்கு வந்ததும் அயலட்டைப் பெடியள் நாலு பேர் அவனைப் பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளைகளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் சக்கர நாற்காலி வீட்டில் நின்றுவிட்டது. கமோட் கதிரையும் காற்று மெத்தையும் நின்றுவிட்டன. உயிர் தப்பியது. பிறகு நாலு இரவு, சீமெந்துத் தரையில் ஒரு பாய்.

உங்களுக்கும் எனக்கும் ஒரு பக்கம் நொந்தால் நித்திரையிலேயே புரண்டு படுப்போம். அவனுக்கு நோவு தெரியாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாங்கள் புரட்டிவிட வேண்டும். முதல் இரவு புரட்டினேன். இரண்டாம் இரவு அம்மாவுக்கு இழுப்பு வந்தது, அவவோடு இருந்துவிட்டேன், விடியப்புறம்தான் தம்பியின் நினைவு வந்தது. நாலாம் நாள் துடைத்துவிடும்போது பார்க்கிறேன், வால் எலும்புக்கு மேலே ஐந்து ரூபாய்க் குற்றியளவில் ஒரு கருஞ்சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தேன். வெளுக்கவில்லை. படுக்கைப்புண் இப்படித்தான் தொடங்கும். எங்கள் கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, சூட்டையும் கட்டித்தன்மையையும் கையால் தடவித்தான் பிடிக்கவேண்டும்.

மண்டபத்துக்கு ஏற மூன்று படி. மலசலகூடம் குந்துகிற மாதிரி, கதவால் ஒரு ஆள் சரிந்துதான் போகலாம். அவன் இரண்டாம் நாளே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டான். "குடிக்காட்டி பை நிரம்பாது அக்கா, உனக்கும் வேலை குறைவு" என்றான். தண்ணீர் குறைந்தால் சலம் தடித்து கதீட்டர் (சலம் போகிற குழாய்) அடைக்கும், கிருமி பிடிக்கும். இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் கூச்சத்தில் செய்தான்.

நாலு நாளில் வந்த இந்தப் புண் எப்போது ஆறும் என்று கேளுங்கள். தண்ணீர் வடிவதோடு வடியாது.


2024 டிசம்பர் 1, இரவு

சொல்லாமல் விட்டது. மூன்றாம் இரவு அவனுக்குத் தலை வெடிக்கிறமாதிரி இடி, முகம் சிவந்து வியர்த்து ஒழுகியது, தோளில் மயிர்க்கூச்செறிவு. அங்கே மருத்துவ முகாமுக்கு வந்திருந்தவர் காய்ச்சல் என்று பனடோல் தந்தார். பாயில் படுத்தபடியால் சலப்பைக் குழாய் தொடைக்குக் கீழே மடிந்து கிடந்தது. அதை நிமிர்த்தி, அவனைச் சுவரோடு சாய்த்து நேராக இருத்தினேன். பத்து நிமிடத்தில் அடங்கியது. முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்கு உணர்வில்லாத இடத்தில் ஏதாவது அடைத்தால், அழுத்தினால், இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். மூளையில் இரத்தக்கசிவு வரைக்கும் போகலாம். தந்தவரைக் குறை சொல்லவில்லை, அவர் முன்னே எண்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஆனால் நான் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால்?


2024 டிசம்பர் 3

படிப்புப் பற்றிக் கேட்டீர்கள். அதே மண்டபத்தில் எங்கள் அயல் பிள்ளை ஒருத்தி இருந்தாள். பிறவியிலிருந்தே பார்வை இல்லை. உயர்தரப் பரீட்சை நவம்பர் 25 தொடங்கியது, இரண்டு நாள் எழுதினாள், 27 ஆம் திகதியிலிருந்து பரீட்சையை நிறுத்திவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் நின்றது, உண்மை. மற்றப் பிள்ளைகள் மண்டப மூலையில் கொப்பியை விரித்துப் படித்தார்கள். இவளுடைய கொப்பி என்பது பிரெய்ல். ஒரு அச்சுப் பக்கம் பிரெய்லில் இரண்டு மூன்று பக்கமாகும், அதுவும் தடித்த மட்டையில். இரண்டு வருடக் குறிப்பு ஒரு அலுமாரித் தட்டு முழுக்க. அதை ஒரு சொப்பிங் பாய்க்கில் போட்டுத் தூக்க முடியுமா? கீழ்த்தட்டில் இருந்தவை நனைந்தன. நனைந்த அச்சை வெயிலில் காயவைத்து வாசிக்கலாம். நனைந்த பிரெய்லில் புள்ளி அமுங்கிவிடும். காய்ந்த பிறகு அது வெறும் மட்டை.

மிச்சத்துக்கு நான் பாடத்தை வாசித்து அவளுடைய ஃபோனில் பதிந்து கொடுத்தேன். ஃபோனுக்குச் சார்ஜ் வேண்டும். முழு மண்டபத்துக்கும் ஒரு பிளக். எல்லாரும் வீட்டாரோடு பேசத் தவிக்கிற நேரத்தில், "இது இந்தப் பிள்ளையின் புத்தகம்" என்று சொல்லி வரிசையில் முன்னுக்கு விடக் கேட்டேன். இரண்டு பேர் விட்டார்கள். ஒருவர் சத்தம் போட்டார்.

அவளுடைய அம்மாவின் வேலையைச் சொல்லாமல் விடக்கூடாது. முதல்நாளே உடுப்புக் காயப்போடுகிற கயிற்றை எடுத்து, பிள்ளையின் பாயிலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து மலசலகூட வாசலுக்குமாகக் கட்டிவிட்டார். கயிற்றைப் பிடித்தபடி பிள்ளை தானே போய் வந்தாள். இரவில் விளக்கில்லாத நேரம் மற்றச் சனமும் அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் போனது.


2024 டிசம்பர் 4

இன்று பரீட்சை திரும்பத் தொடங்கியது. காலையில் அவளை ஓட்டோவில் ஏற்றிவிட்டேன். றோட்டில் இன்னும் தண்ணீர்.


2024 டிசம்பர் 8

மூன்று பேர் பதில் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் கேட்கிறார், "அப்படியென்றால் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?"

என்னுடைய எண்ணம்: ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு தனி மண்டபம். சாய்தளம், கமோட், கட்டில், மின்பிறப்பாக்கி, ஒரு தாதி. மழை தொடங்க முதலே அங்கே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். எல்லா மண்டபத்தையும் திருத்த ஏலாது, ஒன்றையாவது ஒழுங்காகச் செய்யலாம்.


2024 டிசம்பர் 9

திருத்தம். 1 ஆம் திகதி இரவு எழுதியதில், முள்ளந்தண்டில் காயப்பட்ட எல்லாருக்கும் அந்தத் தலையிடி ஆபத்து வரும் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். இடுப்பில் காயப்பட்ட அப்பாவை நினைத்துப் பயந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பெரும்பாலும் ஆறாவது நெஞ்சு முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ காயப்பட்டவர்களுக்குத்தான் அது வரும். உணர்வு போகிற எல்லை நெஞ்செலும்பின் கீழ்முனை மட்டத்திலோ அதற்கு மேலேயோ இருந்தால் கவனம். வந்தால் முதலில் நேராக இருத்துங்கள், இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள், குழாயைப் பாருங்கள், பிறகு மலச்சிக்கல், பிறகு தோலில் ஏதாவது அழுத்துகிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. இதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு மட்டையில் எழுதி, அவரது கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். நாங்கள் இப்போதுதான் வைத்திருக்கிறோம்.


2024 டிசம்பர் 15

இழையோடு ஒட்டாததாகத் தோன்றலாம், பொறுங்கள்.

1995 ஒக்டோபர் 30. போரில் வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்து இடம்பெயர்ந்தது. எனக்குப் பதினைந்து வயது. எங்கள் ஒழுங்கையில் போலியோவால் இரண்டு காலும் சூம்பிய ஒரு அண்ணா இருந்தார். கையால் மிதிக்கிற மூன்று சில்லுச் சைக்கிள் வைத்திருந்தார். கணக்கில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, எனக்கு அட்சரகணிதம் தெளிந்தது அவருடைய திண்ணையில்தான். அன்று நாவற்குழிப் பக்கம் சனம் இறுகி நின்ற நெரிசலில் சைக்கிளை முன்னுக்கும் எடுக்க முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை. மழை வேறு. கடைசியில் சைக்கிளை றோட்டோரம் விட்டு அவரை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் மூட்டைகளுக்கு மேலே ஏற்றினார்கள். உயிர் தப்பினார்.

தென்மராட்சியில் நாங்கள் பின்னேர வகுப்புக்குப் போனோம். மரத்தடியில் கரும்பலகை. ஒன்றரை மைல் நடை. சைக்கிள் இல்லாத அண்ணா எப்படிப் போவார்? "பிறகு பார்ப்பம்" என்றார்கள் வீட்டார். ஊருக்குத் திரும்பிய பிறகும் அவர் படிக்கப் போகவில்லை. வருடக்கணக்காகத் திண்ணையில் இருந்து றோட்டைப் பார்த்தார்.

கேள்வி கேட்ட தம்பி, நீங்கள் எழுதிய "பிறகு" எனக்கு அந்தத் திண்ணையை ஞாபகப்படுத்தியது. அதனால்தான் முதல் பதிவில் கோபப்பட்டேன்.


2024 டிசம்பர் 16

நேற்று அதை எழுதி முடித்த பிறகு தம்பியிடம் என் தனி மண்டப யோசனையைச் சொன்னேன். "என்னை அங்க விட்டிட்டு நீ எங்க நிப்பாய்?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. இரவில் அவனைப் புரட்டுகிறவள் நான். அந்தப் பிள்ளைக்குக் கயிறு கட்டியவர் அவளுடைய அம்மா. ஆளை மட்டும் பிரித்துக் கொண்டுபோய் வைத்தால் அவருடைய உடம்பை அறிந்தவர்களை வெளியே விட்டுவிடுகிறோம். குடும்பத்தில் மற்றப் பிள்ளைகள் இருந்தால் தாய் எந்த மண்டபத்துக்குப் போவாள்?

8 ஆம் திகதி எழுதியதை மீளப்பெறுகிறேன். எல்லாரும் போகிற மண்டபத்திலேயே ஒரு வகுப்பறையைத் தரைமட்டத்தில், மலசலகூடத்துக்குக் கிட்ட ஒதுக்குங்கள், குடும்பத்தோடு. அதுதான் வேண்டும்.


2024 டிசம்பர் 22

காது கேளாதோரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே என்று ஒரு அம்மா. அவருடைய மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். உண்மை, விட்டுவிட்டேன்.

கைதடி நவீல்ட் பாடசாலை, சுன்னாகம் வாழ்வகம், கோண்டாவில் சிவபூமி என்று எங்கள் குடாநாட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு இடங்கள் இருக்கின்றன. பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் வந்து தங்குகிறார்கள். இடர் என்றதும் விடுதிகளை மூடிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பவேண்டி வருகிறது. மற்றப் பிள்ளைக்கு வீடு பாதுகாப்பு. காது கேளாத பிள்ளைக்கோ பெரும்பாலும் வீட்டில்தான் சைகை தெரிந்தவர் இல்லை. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடி ஊரடங்கு போட்டபோது இந்த அம்மாவின் மகளுக்கு ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார்களாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்பியதையே அனுப்பியிருக்கிறார்கள். வெளியே போனால் எல்லார் வாயிலும் மாஸ்க், உதட்டசைவும் தெரியாது. "ஆறு மாசமா அவள் என்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தாள்" என்று எழுதியிருக்கிறார்.

2018 இல், 1990 என்ற இலக்கத்தில் கூப்பிடுகிற அம்புலன்ஸ் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது நாங்கள் எல்லாரும் சந்தோசப்பட்டோம், நல்ல சேவை. அனர்த்தத்துக்கு 117. இரண்டும் பேசிக் கூப்பிடுகிற இலக்கங்கள். ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போகிற வாகனத்தை அந்தப் பிள்ளை ஜன்னலால் கண்டாலும் என்ன சொல்கிறார்கள் என்று எப்படி அறிவாள்? ஒரு பெரிய மட்டையில் எழுதித் தூக்கிக்கொண்டு போனாலே பாதி வேலை முடியும்.

காதுக்கருவி வைத்திருப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் பற்றரிப் பக்கெற் ஒன்று மேலதிகமாக வாங்கி, மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கழற்றாமல் வையுங்கள். கழற்றினால் காற்றுப் பட்டுப் பாவிக்காமலே இறங்கிவிடும். கருவி நனைந்தால் பற்றரியை எடுத்துவிட்டுக் காயவையுங்கள், அடுப்பில் சூடு காட்டவேண்டாம்.


2025 ஜனவரி 5

"சட்டத்தில் இதெல்லாம் இருக்கிறதா, அல்லது உங்கள் ஆசையா?" என்ற கேள்விக்கு.

இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தில், வேலைக்குச் சேர்ப்பதிலும் கல்வி நிறுவனத்தில் அனுமதிப்பதிலும் வலுவிழந்தவரைப் பாரபட்சமாக நடத்தக்கூடாது என்று எழுதியிருக்கிறது. பொதுக்கட்டடங்களில் அணுகுவசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 11 ஆம் உறுப்புரை போர், மனிதாபிமான நெருக்கடி, இயற்கை அனர்த்தம் என்று பெயர் சொல்லியே பேசுகிறது. 24 கல்வி, 25 சுகாதாரம். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோருக்குப் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதோவொரு கஷ்டம் இருந்தது. ஒரு மண்டபத்தில் முந்நூறு பேர் என்றால் அதில் எத்தனை பேர் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். "ஒன்றிரண்டு பேருக்காகவா" என்று கேட்ட ஐயாவுக்கு இது.

சாய்தளக் கணக்கும் சொல்கிறேன். ஓர் அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். எங்கள் மண்டபத்துப் படி ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், மூன்று படி, ஆக பதினெட்டு அடி நீளம் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு தானே தள்ளிக்கொண்டு ஏறுகிறவருக்கு. பின்னுக்கு இரண்டு பேர் பிடித்தால் எட்டடிப் பலகை இரண்டு போதும், ஏற்றத்தில் முன்பக்கமாக, இறக்கத்தில் பின்பக்கமாக. நானும் தம்பியும் மரக்காலையில் பலகை வாங்கி வீட்டுப்படியில் பழகிப் பார்த்தோம்.


2025 பெப்ரவரி 26

தம்பியின் புண் மூடிவிட்டது. மூன்று மாதம். இடையில் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். அவன் ரியூஷன் சொல்லிக்கொடுக்கிற ஏழு பிள்ளைகளுக்கு இந்த மூன்று மாதமும் வகுப்பு இல்லை. இரண்டு பேர் வேறு இடம் போய்விட்டார்கள். குப்புறப் படுத்தபடியே ஒரு பிள்ளைக்குப் பின்னம் விளங்கப்படுத்தினான்.


2025 ஏப்ரல் 27

பார்வையில்லாத அந்தப் பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு வந்தது. மூன்று பாடமும் சித்தி. அவளுடைய அம்மா கற்கண்டு கொண்டுவந்து தந்தார். பிள்ளை கேட்டது ஒன்றுதான்: "அன்ரி, அந்தக் குரல்பதிவை அழிக்காதேங்கோ, அடுத்த முறை எடுக்கிற ஆருக்கும் உதவும்." அழிக்கவில்லை.


2025 ஒக்டோபர் 19

மழை தொடங்கப் போகிறது. எங்கள் பக்கம் வருட மழையில் பெரும்பங்கு இனித்தான்.

மாதாந்தக் கிளினிக்கில் மருந்தை ஒரு மாதத்துக்குத்தான் தருவார்கள். கிளினிக் நாளும் வெள்ள நாளும் ஒன்றாக வந்தால் குளிசை முடிந்துவிடும். வலிப்புக்கு எடுக்கிறவர்கள் கவனம்: திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முந்தியதைவிட மோசமாக, அடுத்தடுத்து வரலாம். மனநல மருந்தும் அப்படி நிறுத்தக்கூடாது. இந்த மாதமே டொக்டரிடம் நிலைமையைச் சொல்லி இரண்டு கிழமைக்கு மேலதிகமாகக் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், எழுதித் தந்தார்.

காற்று மெத்தைக்கு மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளில் தம்பியுடைய மெத்தை இறங்கி, பலகையில் கிடந்ததைக் கண்டோம். இறங்கும் என்று நினைத்தே ஒரு தடித்த ஸ்பொஞ்சையும் வைத்திருங்கள்.

செயற்கைக்கால் பற்றிக் கேட்ட அண்ணாவுக்கு: விட்டுவிட்டு ஓடவேண்டாம். ஜெய்ப்பூர் கால் வயலிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நடக்கத்தான் செய்யப்பட்டது, தண்ணீருக்குப் பயப்படாதீர்கள். நாலைந்து நாள் போடாமல் விட்டால் மிச்சக்கால் வீங்கி, பிறகு அது ஏறாது. போட முடியாவிட்டால் பன்டேஜ் சுற்றி வையுங்கள். பழுதானால் யாழ். ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இந்த வேலைதான் செய்கிறது.

விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) மாற்றுத்திறனாளிகளின் பெயர்ப்பட்டியல் கொடுப்பது பற்றி: நான் கொடுத்துவிட்டேன். ஒரு தங்கச்சி, "தனியாக இருக்கிற பெண்ணின் பெயர், வீடு, இயலாமை எல்லாம் ஒரு தாளில் ஊர் சுற்றினால் அது பாதுகாப்பா?" என்று கேட்டிருந்தார். அதைப் படித்த பிறகு எனக்கும் யோசனை. பெயர் இல்லாமல், எந்த ஒழுங்கையில் எத்தனை பேர், என்ன வேண்டும் (தூக்க நாலு பேர், கட்டில், இன்சுலினுக்குக் குளிர்) என்று கொடுக்கலாம். ஆளை அறிந்த அயலவர் இருவர் போதும். இதில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை, தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


2025 டிசம்பர் 7

டித்வா புயல். நாடு முழுக்க அறுநூறுக்கு மேல் உயிர் போய்விட்டது. மலைநாட்டுச் சனத்தை நினைக்க நெஞ்சு அடைக்கிறது. உயர்தரப் பரீட்சை இந்த முறையும் இடையில் நின்றது. எச்சரிக்கை தமிழில் ஒழுங்காக வரவில்லை என்று எல்லாப் பக்கமும் குறை. தமிழிலேயே வராதது சைகைமொழியில் எப்போது வரும் என்று காது கேளாத பிள்ளையின் அம்மா கேட்கிறார்.

எங்கள் வீட்டில்: நவம்பர் 27 பகல், தண்ணீர் வர முதலே வெளிக்கிட்டோம். சக்கர நாற்காலி, கமோட் கதிரை, ஸ்பொஞ், கதீட்டர் மூன்று, கிளினிக் கொப்பி சொப்பிங் பாய்க்கில் முடிந்து தம்பியின் மடியில். அதே மண்டபம். அதே மூன்று படி. ஒரு வருடத்தில் ஒரு கல்லும் அசையவில்லை. பலகையைப் போட்டு ஏற்றினோம். எங்களுக்குப் பின்னால் ஒரு பாட்டியை மகன் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார், இறக்கி அதே பலகையால் கதிரையில் ஏற்றினோம். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, குழந்தைத் தள்ளுவண்டி ஒன்று, பிறகு அரிசி மூட்டை எல்லாம் அதால்தான் போயின. வகுப்பறை ஒன்றை ஒதுக்கித் தரக் கேட்டோம். அதிபர் திறந்து தந்தார். மலசலகூடக் கதவு மட்டும் பழையபடிதான். கமோட் கதிரையைச் சுற்றி சேலை கட்டினோம்.

மூன்று இரவு. அலாரம் வைத்துப் புரட்டினேன். நடுச்சாமத்தில் ஒருமுறை நான் எழும்பவில்லை, பக்கத்துப் பாயிலிருந்த பொடியன் எழும்பித் தானே புரட்டிவிட்டான், போன வருடம் கதிரையோடு தூக்கியவர்களில் ஒருவன். தம்பியின் தோலில் ஒன்றும் இல்லை, இன்று காலையும் பார்த்தேன். திங்கள் வகுப்பு வைக்கப்போகிறான், பிள்ளைகள் ஒன்பது பேர்.

பலகை இரண்டும் எங்கள் வீட்டுக் கோடிக்குள் இருக்கின்றன. எட்டடி நீளம், ஒன்றரை அங்குலத் தடிப்பு. நவாலி, ஆனைக்கோட்டைப் பக்கம் ஆருக்கும் தேவையென்றால் இந்த இழையிலேயே கேளுங்கள், கொண்டுவந்து தருவோம்.